நடிகவேள் ராதாவும் இழுப்பறையில் கிடந்த தோட்டாக்களும்

தமிழ் நாடக மேடையைத் தம் குரலொன்றினாலேயே ஆண்டவர் எம். ஆர். ராதா அவர்கள். 1907-ஆம் வருஷம் சென்னையிற் பிறந்து 1979-ஆம் வருஷம் திருச்சிராப்பள்ளியில் மறைந்த அப்பெரியாருடைய சரிதத்தைப் பலர் பலவாறு எழுதியிருக்கின்றனர். அவர் நடிப்பைப் புகழ்ந்தோரும், அவர் கொள்கைகளைப் போற்றினோரும், அவற்றை வெறுத்தோரும் உளர். நாம் அவ்வழிகளிற் செல்லாமல், அவருடைய வாழ்க்கையை ஒரு தனி நோக்கத்துடன் இங்கே சொல்லப் புகுகின்றோம்.

அந்நோக்கம் யாதெனில்: கோவளம் முதலாக மாமல்லபுரம் வரையிலும், அதற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் வரையிலும் கடலோரத் தோப்பு வீடுகளிற் குடியிருக்கும் நம் சங்கத்து அன்பர்கள் சிலர், பிள்ளைகளைத் தூர தேசங்களுக்கு அனுப்பிவிட்டு முதுமையிற் கணவனும் மனைவியுமாய்த் தனித்து வாழ்கின்றனர். இரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. ஆதலால் லைசென்ஸ் பெற்று ஒரு கைத்துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வது தக்கதா என்று அவர்கள் நம்மை வினவியிருக்கின்றனர். இக்கேள்விக்குச் சட்டப் புத்தகத்தைக் கொண்டு மாத்திரம் விடை கூறுதல் போதாது. செங்கற்பட்டு ஜில்லாவிலேயே நடந்து, செங்கற்பட்டுக் கோர்ட்டிலேயே தீர்ப்புச் சொல்லப்பட்ட ஒரு விஷயம் இருக்கும்போது, உதாரணத்துக்கு வேறெங்கும் போகவேண்டுவதில்லை.

ராதா அவர்களின் தகப்பனார் படையிற் சேர்ந்து, முதல் உலக யுத்தத்தில் உயிர் நீத்தவர். தந்தையற்ற வீட்டில் வறுமை எப்படியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒருநாள் உணவு வேளையில், தமக்குக் கொடுத்த மீன் துண்டைவிட உடன்பிறந்தாருக்குக் கொடுத்தது பெரிதாயிருந்ததென்று கோபங்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறியதாக அவரே பிற்காலத்திற் சொல்லியிருக்கிறார். எழும்பூர் ரயில் நிலையத்தில் நின்ற சிறுவனை மூட்டை தூக்கும்படி அழைத்தவர் ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு என்னும் நாடகக் கம்பெனி முதலாளியாம். அந்த மூட்டையோடு மேடைக்குப் போன பிள்ளை பிறகு அறுபது வருஷம் மேடையை விட்டு இறங்கவில்லை. ஆலந்தூர் அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது என்பதை நம் ஊர்ப் பற்றின் காரணமாக ஈண்டுச் சொல்லி வைக்கின்றோம்.

ஒரு மீன் துண்டுக்காக வீட்டைத் துறக்கும் கோபம் எத்தகையது என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக. அது நெடுநேரம் நிற்கும் கோபமன்று. பழிவாங்கக் காத்திருக்கும் வன்மமுமன்று. அடுப்பிற் பால் பொங்குவது போலப் பொங்கி, கை வைப்பதற்குள் வழிந்துவிடுவது. அக்கோபமே மேடையில் அவருக்குப் பெரும் பொருளாயிற்று. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் தொழில் கற்றார். மோட்டார் வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும், மின்சார விளக்கு அமைக்கவும் பழகிக்கொண்டார். 1937-ல் வெளிவந்த ராஜசேகரன் என்னும் படத்தில் முதன்முதலாகத் தோன்றினார். சில வருஷங்கள் சினிமாவிலிருந்து, பிறகு அதனை விட்டு நாடகத்துக்கே திரும்பினார். பெருங்கார் ஒன்றை வாங்கி அதில் வைக்கோலேற்றிப் போனார் என்று சொல்லும் கதையும் உண்டு. செல்வத்தின் பகட்டை இகழ்வதற்கே அப்படிச் செய்தார் என்பர்.

இக்காலத்தைச் சேர்ந்த ஒரு செய்தி கலையுலகில் வழிவழியாக வழங்கி வருகிறது. இழந்த காதல் என்னும் நாடகத்தில் ராதா அவர்களின் வேஷம் ஊரெங்கும் பேசப்பட்டது. அந்நாடகம் 1941-ல் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவர்களால் படமாக்கப்பட்டபோது, அவ்வேஷம் ராதாவுக்குக் கொடுக்கப்படாமல் வேறொருவருக்குப் போயிற்று. உடனே ராதா ஒரு துப்பாக்கியைத் தேடிக்கொண்டு கலைவாணரைச் சுடுவதென்று கிளம்பினாராம். இச்செய்தி கலைவாணர் காதுக்கு எட்டியது. அவர் போலீசுக்குச் சொல்லவில்லை, ஒளிந்துகொள்ளவுமில்லை. தாமே நேரில் ராதாவைத் தேடிச்சென்று, எதிரே உட்கார்ந்து, வேஷம் மாறியதற்குரிய காரணங்களைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாராம். கேட்டுக்கொண்டேயிருந்த ராதாவின் கோபம் கரைந்து, இருவரும் தழுவிக்கொண்டனராம். துப்பாக்கி என்னவாயிற்று என்று கதை சொல்வோர் சொல்வதில்லை. இக்கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு கூட்டிச் சொன்னது என்று நாம் தராசில் நிறுக்கப்போவதில்லை. ராதாவை அறிந்தோர் அனைவரும் இதனை நம்பத்தக்கதென்றே கொண்டனர் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்களின் கொள்கையில் ஈடுபட்ட பிறகு ராதாவின் நாடகங்கள் வேறு விதமாயின. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ரத்தக்கண்ணீர் நாடகம் 1949 முதல் ஊரூராக ஆயிரக்கணக்கான இரவுகள் நடந்தது. மேனாட்டில் படித்து வந்து, பெற்ற தாயையும் மணந்த மனைவியையும் இகழ்ந்து, பரத்தையின் வீட்டில் பொருளனைத்தையும் தொலைத்து, முடிவில் தொழுநோயால் உருக்குலையும் மோகனசுந்தரம் என்னும் வேஷத்தில் அவர் தோன்றினார். 1954-ல் கிருஷ்ணன் பஞ்சு இரட்டையரின் டைரக்‌ஷனில் அது படமாகவும் வந்தது. நம் செங்கற்பட்டுக்கு அருகே திருமணியில் தொழுநோயாளருக்கான ஆஸ்பத்திரி நெடுங்காலமாக உண்டு. 1955 முதல் மத்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையமாகவும் அது விளங்குகிறது. அந்நோய் கிருமியால் வருவது, மருந்தாற் குணமாவது, பாவத்தின் சம்பளமன்று என்பதை அவ்வூரார் நன்கறிவர். நாடகம் அந்நோயைத் தண்டனையாகக் காட்டியது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவ்வேஷத்தில் ராதாவின் குரல் ஏறி இறங்கிய வகையை மறக்கக்கூடியவர் எவருமில்லை.

மத விஷயங்களைத் தாக்கிய அவருடைய நாடகங்களுக்குக் கடும் எதிர்ப்பு உண்டாயிற்று. கூட்டத்திற் கலகம் விளைந்தது. கல் வந்து விழுந்தது. கொட்டகைக்காரர் இடங்கொடுக்க அஞ்சினர். ராமாயண நாடகத்துக்காகத் தடையும் கைதும் நேர்ந்தன. 1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டம் போதாதென்று 1954-ல் சென்னை ராஜ்யத்தில் புதியதொரு நாடகச் சட்டம் இயற்றப்பட்டபோது, அது ராதாவை உத்தேசித்தே பிறந்ததென்று ஜனங்கள் பேசிக்கொண்டனர். மனம் புண்படக்கூடியவர்கள் தயவுசெய்து வரவேண்டாம் என்று அவரே விளம்பரத்தில் அச்சிட்டு, வருவோரை மேடையிலிருந்தபடியே எதிர்கொண்டார். அவர் செய்தது சரியா தவறா என்னும் வழக்கில் நாம் இறங்கவில்லை. அவரை வெறுத்தவர் பலர் இருந்தனர் என்பதும், அவர் உயிருக்கு அஞ்சத்தக்க காரணம் மெய்யாகவே இருந்தது என்பதும் மாத்திரம் இங்கே வேண்டுவன. தற்காப்புக்கு ஆயுதம் வைத்துக்கொள்ள நியாயமுடையவர் இந்நாட்டில் எவரேனும் உண்டென்றால், அவர்களுள் ராதாவையும் சேர்க்கத்தான் வேண்டும்.

அவர் கைத்துப்பாக்கி வைத்திருந்தார். அதற்குரிய தோட்டாக்கள் 1950-ஆம் வருஷம் வாங்கப்பட்டவை என்று பின்னால் வழக்கில் வெளியாயிற்று. வாங்கிய தோட்டாக்களை ஒரு தகரப் பெட்டியிற் கொட்டி, மேஜை இழுப்பறையில் வைத்தார். பதினைந்து வருஷங்களுக்கு மேல் அவை அங்கேயே கிடந்தன. கலகக்காரர் கொட்டகையைச் சூழ்ந்த இரவுகளில் அவர் தம் நாவையும், தம் கம்பெனி ஆட்களின் தைரியத்தையுமே நம்பி நின்றார். தோட்டாக்களோ மேஜை திறக்கும்போதெல்லாம் ஒருபுறம் உருண்டும், மூடும்போதெல்லாம் மறுபுறம் உருண்டும், ஒன்றோடொன்று உராய்ந்துகொண்டிருந்தன. வாசகர் இவ்வுருளலை மறவாதிருக்க வேண்டும். பின்னால் இதனிடம் திரும்பி வருவோம்.

1967-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி. பொங்கலுக்கு முந்தின நாட்கள். அடுத்த மாதம் பொதுத் தேர்தல். மக்கள் திலகம் எம். ஜி. ராமச்சந்திரன் அவர்கள் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் பரங்கிமலைத் தொகுதியிற் போட்டியிட்டார். ராதாவோ காமராஜரையும் காங்கிரஸையும் ஆதரிக்கும் பக்கத்தில் நின்றார். ஆயினும் இருவரும் தொழிலிற் பழகியவர்கள். தாய் சொல்லைத் தட்டாதே முதலிய பல படங்களிற் சேர்ந்து நடித்தவர்கள். பெற்றால்தான் பிள்ளையா என்னும் படம் அதற்கு முந்தின மாதந்தான் வெளிவந்திருந்தது. ராதாவுக்கு வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. எம். ஜி. ஆருக்கு ஐம்பது நிறைய ஐந்து நாட்களே குறைவு.

அன்று மாலை ராமாபுரத்திலுள்ள எம். ஜி. ஆரின் தோட்ட வீட்டுக்கு, ஒரு படத் தயாரிப்பாளரோடு ராதா சென்றார். ராமாபுரம் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்தது. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வாயிலில் எவரும் அவரைத் தடுக்கவில்லை. தடுப்பானேன்? மூத்த நடிகர், தெரிந்த முகம், கூட வந்தவரும் தெரிந்தவர். வரவேற்பறையில் உட்கார்ந்து பேசினர். பேச்சு வளர்ந்தது. சற்று நேரத்தில் வெடி கேட்டது. எம். ஜி. ஆருக்கு இடது காதின் அருகே குண்டு பாய்ந்து கழுத்திலே தங்கியது. ராதாவும் தலையிலும் கழுத்திலும் குண்டுபட்டு இரத்தம் ஒழுக நின்றார். இருவரையும் முதலில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும், பிறகு சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கும் எடுத்துச் சென்றனர். செய்தி பரவவே நகரெங்கும் ஜனத்திரள் கூடியது. மறுநாள் எம். ஜி. ஆர். நடித்த தாய்க்குத் தலைமகன் வெளியாகவேண்டிய நாள். படம் வெளியாயிற்று, கதாநாயகரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்.

காரணம் என்னவென்று பலர் பலவாறு பேசினர். பணக் கொடுக்கல் வாங்கல் என்றனர் சிலர். தொழிற் பொறாமை என்றனர் சிலர். அரசியல் என்றனர் வேறு சிலர். எம். ஜி. ஆர்தாம் முதலிற் சுட்டார் என்பது ராதாவின் வாதம். ராதா எம். ஜி. ஆரைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார் என்பது சர்க்கார் தரப்பு. வழக்குச் சைதாப்பேட்டை மாஜிஸ்திரேட்டிடமிருந்து செங்கற்பட்டுச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தது. கொளவாய் ஏரிக்கரையில் அமைதியாய் உறங்கிக்கொண்டிருந்த நம்மூர், அவ்வருஷத்தில் கண்டது போன்ற கூட்டத்தை எந்தத் திருவிழாவிலும் கண்டதில்லை எனலாம். ராமாபுரத்திலிருந்து மாமல்லபுரத்துக் கடற்கரை வரையில் பரந்து கிடந்த ஜில்லாவின் கொலை வழக்குகளும் கொள்ளை வழக்குகளும் நடக்கும் அதே மண்டபத்தில், தமிழ்நாடு முழுவதும் திரையிற் கண்டறிந்த ஒருவர் கைதிக்கூண்டில் நின்றார். நீதிபதி லட்சுமணன் அவர்கள் 1967-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி தீர்ப்புக் கூறினார். ராதாவின் வாதத்தை ஏற்கவில்லை. ஏழு வருஷக் கடுங்காவல் விதித்தார்.

இவ்வழக்கில் யாவரையும் வியக்கச் செய்த விஷயம் ஒன்றுண்டு. ஓரிரு முழத் தூரத்திற் சுட்டும் எம். ஜி. ஆர். பிழைத்தார். தம் தலையிலேயே வைத்துச் சுட்டுக்கொண்டும் ராதா பிழைத்தார். கைத்துப்பாக்கியின் குண்டு அவ்வளவு அருகிலிருந்து தலையிற் பாய்ந்தால் பிழைத்தல் அரிதினும் அரிது. இருவரும் பிழைத்தது எவ்வாறு? ஜோசியம் அறிந்தோர் நட்சத்திர பலன் என்றனர். பக்தர்கள் தெய்வ சித்தம் என்றனர். தடயவியல் நிபுணர் பி. சந்திரசேகரன் அவர்கள் கண்ட காரணம் வேறு. மேலே சொன்ன தகரப் பெட்டியும் இழுப்பறையுமே அவர் கண்ட காரணம்.

இதனைச் சிறிது விளக்கினால் வாசகருக்கு உபயோகமாகும். தோட்டா என்பது ஒரு பித்தளைக் குழாய். அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் சிறு மருந்து, நடுவே வெடிமருந்து, வாயிலே ஈயக்குண்டு. குழாயின் வாய் குண்டை இறுகப் பிடித்திருக்கும். அடியில் தட்டியவுடன் மருந்து எரிந்து ஆவியாகிப் பெருகும். குண்டு இறுகப் பிடிபட்டிருப்பதால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளே நெருக்கம் ஏறும்; போதிய அளவு ஏறிய பின் குண்டு பிடுங்கிக்கொண்டு பறக்கும். அப்பிடிப்பு தளர்ந்திருந்தால் குண்டு முன்னதாகவே நகர்ந்துவிடும், நெருக்கம் ஏறாது, வேகம் குறைந்துபோகும். இறுக மூடிய குக்கருக்கும் வளையம் தேய்ந்த குக்கருக்குமுள்ள வித்தியாசம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். ராதாவின் தோட்டாக்கள் பதினைந்து வருஷம் இழுப்பறையில் உருண்டு, உராய்ந்து, பிடி தளர்ந்து போயிருந்தன. ஆதலால் குண்டு தோலைத் துளைத்துச் சதையிற் புகுந்தும், உயிரைக் கொண்டு போகும் வலிமையின்றித் தங்கிவிட்டது.

துப்பாக்கியை நன்றாக வைத்திருக்கும் முறையை அறிந்தவர்கள் சொல்வதென்ன? எண்ணெயிட்டுத் துடைக்கவேண்டும், தோட்டாவை ஈரம் படாமல் அதற்குரிய பெட்டியில் அடுக்கி வைக்கவேண்டும், பழையதைக் கழித்துப் புதியது வாங்கவேண்டும். நம் கடற்கரை வீடுகளிலோ உப்புக் காற்றினால் ஜன்னற் கம்பியே இரண்டு மழைக்காலத்தில் துருவேறுகிறது. பித்தளையிற் களிம்பு பிடிக்கிறது. ஆகவே இன்னும் கவனம் வேண்டும். இவை யாவும் சரியே. ஆனால் ராதா அவர்கள் இம்முறைகளை வழுவாது கைக்கொண்டிருப்பாராயின், 1967-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி மாலை தமிழ்நாடு இரண்டு பெருங்கலைஞர்களை ஒரே அறையில் இழந்திருக்கும். அவருடைய அசட்டையே இருவரையும் காத்தது. தற்காப்புக்காக வாங்கிய கருவி, அது பழுதாயிருந்த காரணத்தினாலேயே உடையவரைக் காத்தது என்னும் விந்தையை நாம் வேறெங்கும் கேட்டதில்லை.

1941-ஆம் வருஷத்துக் கதையையும் 1967-ஆம் வருஷத்து நிகழ்ச்சியையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். கோபம் ஒன்றே. மனிதரும் ஒருவரே. முன்னதில், கோபம் எழுந்த இடத்துக்கும் கருவிக்கும் நடுவே பல நாழிகைத் தூரம் இருந்தது. அத்தூரத்திற்குள் ஒரு நண்பர் வந்து உட்காரப் பொழுதிருந்தது. பின்னதில் கருவி மடியிலேயே இருந்தது. பேச்சுக்கும் வெடிக்கும் நடுவே எவரும் நுழைய இடமில்லை. கள்வர் வருவார், கலகக்காரர் வருவார் என்று பதினேழு வருஷம் காத்திருந்த தோட்டா, முடிவில் கூடச் சேர்ந்து நடித்த நண்பரின் வீட்டிலே செலவாயிற்று.

அமெரிக்க தேசத்தில் வீடுதோறும் துப்பாக்கி வைத்திருப்பது வழக்கமாதலால், அங்கே வைத்தியர்கள் இதனை எண்ணிக்கை போட்டுப் பார்த்திருக்கின்றனர். கெல்லர்மன் என்னும் வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் மூன்று கவுண்டிகளில் வீட்டிற்குள்ளே நடந்த கொலைகளை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டனர். மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தும், துப்பாக்கியுள்ள வீட்டில் கொலை நேரும் அபாயம் இல்லாத வீட்டைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு என்று கண்டனர். கொன்றவர் பெரும்பாலும் குடும்பத்தாரோ அறிமுகமானவரோ ஆவர். அதற்கு முந்தின வருஷம் வெளியான அவர்களது மற்றோர் ஆராய்ச்சியில், வீட்டில் தற்கொலை நேரும் அபாயம் 4.8 மடங்கு என்று கண்டனர். இக்கணக்கின் முறையைக் குறை கூறுவோரும் அத்தேசத்தில் உண்டு. அபாயமுள்ள வீட்டார்தாமே துப்பாக்கி வாங்குகின்றனர், ஆகவே காரணம் எது, காரியம் எது என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் ராமாபுரத்து அறையில் ஒரே மாலையில் இரண்டும் நடந்தேறின என்பதை நினைக்குங்கால், அவ்வெண்களை எளிதில் ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

சட்டம் கேட்ட அன்பர்களுக்காகச் சில சொற்கள். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியரின் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்குதற்கென்றே வெள்ளையர் செய்தது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்களித்திருந்தனர். அவ்வவமானத்தை நம் முன்னோர் நெடுங்காலம் மனத்தில் வைத்திருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. இப்போதுள்ளது 1959-ஆம் வருஷத்துச் சட்டம். லைசென்ஸுக்குக் கலெக்டரிடமும், போலீஸ் கமிஷனரின் ஆளுகைக்குட்பட்ட இடங்களில் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது. லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். தேர்தல் அறிவித்தவுடன் ஆயுதங்களைப் போலீஸ் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு இக்காலத்தில் சாதாரணமாய்ப் பிறக்கிறது. 1967-ஆம் வருஷத்து ஜனவரியை நினைப்பார்க்கு அவ்வுத்தரவின் அருமை விளங்கும். தற்காப்பு உரிமையைப் பொறுத்தவரையில், பாரதீய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதனை வகுக்கின்றன. காத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்ய அவை இடந்தரவில்லை. சுவரேறி ஓடுகிறவன் முதுகிற் சுட்டுவிட்டுத் தற்காப்பென்று சொல்ல முடியாது.

தோப்பு வீட்டு அன்பர்களுக்கு நம் யோசனை: தெருவிளக்குக்குப் பஞ்சாயத்தில் எழுதி வாங்குங்கள். இரும்புக் கதவும், உள்தாழ்ப்பாளும், இரண்டு நல்ல நாய்களும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து ஒரு காவலாளை நியமியுங்கள். மீனவர் குப்பத்தாரோடு நட்பாயிருங்கள், ஏனெனில் இரவில் விழித்திருப்போர் அவர்களே. போலீஸ் நிலையத்தின் டெலிபோன் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். தந்தையோ பாட்டனாரோ வைத்துவிட்டுப் போன பழைய துப்பாக்கி பரணில் இருக்குமாயின், தாமதமின்றி அதனைச் சட்டப்படி ஒப்படைத்துவிடுங்கள். பரணில் இருப்பது எவருக்கும் தெரியாதென்று எண்ணவேண்டாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.

இனி, சரிதத்தின் எஞ்சிய பகுதி. எம். ஜி. ஆர். கழுத்திற் கட்டோடு படுத்திருந்த படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் பரவியது. அவர் பிரசாரத்துக்கு வராமலே பரங்கிமலையில் வென்றார். அவர் கட்சி 1967 மார்ச்சில் ஆட்சிக்கு வந்தது. அவர் குரல் மாத்திரம் பழைய குரலாகவில்லை. அவ்வருஷம் செப்டம்பரில் வெளிவந்த காவல்காரன் படத்தில் சுடப்படுவதற்கு முன் பேசிய குரலும் பின் பேசிய குரலும் கலந்து கேட்கும். படத்தை இன்று பார்ப்போரும் அவ்வித்தியாசத்தை உணரலாம். வசனம் பேசிப் பிழைப்பவருக்கு நேர்ந்த இந்நஷ்டத்தை எந்தக் கோர்ட்டும் ஈடு செய்ய இயலாது. ஜனங்களோ அக்குரலையும் தம்முடையதாக்கிக்கொண்டு, அதற்கு முன்னிலும் அதிகமாகக் கைதட்டினர்.

ராதா அவர்கள் சற்றேறக்குறைய நான்கேகால் வருஷம் சிறையிலிருந்து 1971-ல் விடுதலையடைந்தார். அவர் சொன்ன தம் வாழ்க்கைக் கதையை எழுத்தாளர் விந்தன் எழுதி நூலாக்கினார். மீன் துண்டுக்குச் சண்டையிட்டு ஓடிய சங்கதி முதலாகப் பல செய்திகள் நமக்குக் கிடைத்தது அந்நூலின் பயன். வெளியே வந்தபின் மறுபடியும் மேடையேறினார். சில படங்களிலும் தோன்றினார். ஜனங்கள் அவரை வெறுக்கவில்லை. நாடகக் கொட்டகையில் அவர் தலை தெரிந்தவுடன் பழைய ஆரவாரம் எழுந்தது. சிறை சென்றதைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் தாமே மேடையில் வேடிக்கையாகப் பேசுவார் என்பர். அவ்வேடிக்கைக்குச் சிரித்தவர்களை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும் அது சிரிக்கத்தக்க சங்கதியன்று என்பதே நம் எண்ணம்.

1977-ல் எம். ஜி. ஆர். முதலமைச்சரானார். இரண்டு வருஷங்கழித்து, 1979-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ஆம் தேதி, ராதா அவர்கள் திருச்சிராப்பள்ளியில் மஞ்சட்காமாலையால் காலமானார். தாம் தலைவராகக் கொண்ட பெரியார் பிறந்து நூறு வருஷம் நிறைந்த நாள் அது. ராமாபுரத்துத் தோட்டத்தில் இப்போது காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் நடக்கிறது.